மாத்திரை போடாத மூன்று நாள்

வங்காளத்துக் கிருஷ்ணநகரில் புரபியும் அவள் ஓரகத்தி ஜர்னாவும் ஆளுக்கு இருபத்துநான்கு முறை ரத்ததானம் செய்திருந்தார்கள். இருபத்தைந்தாவது முறை கொடுப்பவருக்குத் தெருக் கிளப் முகாமில் சால்வை போடுவார்கள். மூத்த மருமகளான தான் இருக்க, பின்னால் வந்தவளும் அதே மேடையில் ஏறுவதா? புரபிக்கு வயிறு எரிந்தது.

ஆறு மாதமாக அவளுக்கு ரத்த அழுத்தம். ஜர்னா சிரிப்பாளே என்று மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்கிவந்தாள். மாத்திரை கலந்த ரத்தத்தை வாங்க மாட்டார்கள் என்று நினைத்து, முகாமுக்கு முன் மூன்று நாள் அதைத் தொடவே இல்லை.

பந்தலில் ஜர்னா முதலில் உட்கார்ந்தாள்.

"மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா, மாசிமா?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டாள் சின்ன வயது டாக்டர்.

"பிரஷர் மாத்திரைம்மா. ஒரு வருஷமா ஒரே அளவுதான்."

தொலைந்தாள் என்று புரபி மனதுக்குள் குதித்தாள்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அளந்தாள். "நூத்தி இருபத்தாறு. நல்லா கட்டுக்குள்ள இருக்கு. போய்ப் படுங்க."

புரபிக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்து அவள் முறை.

"மருந்து?"

"எனக்கெதுக்கு மருந்து?" என்றாள், ஜர்னாவுக்குக் கேட்கும்படி.

நூற்று எழுபத்தெட்டு. சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தாலும் அதே கணக்கு.

"என்ன தீதி, என்னைப் பாத்தாலே உங்களுக்கு ஏறிடுதா?" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள் ஜர்னா. பந்தலே சிரித்தது.

புரபி டாக்டரின் காதருகே குனிந்தாள். "மாத்திரை உண்டும்மா. இதுக்காகத்தான் மூணு நாளா நிறுத்திட்டேன்."

"ஐயோ மாசிமா! பிரஷர் மாத்திரை போட்டா தப்பே இல்ல, பிரஷர் ஏறியிருந்தாத்தான் எடுக்க மாட்டோம். நீங்களா நிறுத்துறது எவ்வளவு ஆபத்து தெரியுமா? இன்னிக்கே உங்க டாக்டரைப் பாருங்க. அளவு மாத்தாம ஒரு மாசம் ஒழுங்கா போட்டு, கட்டுக்குள்ள வந்தா ரத்த வங்கிக்கு வாங்க."

ஜர்னா ரத்தம் கொடுத்து முடித்து, எழுந்து உட்கார்ந்து, முகாமில் தந்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ மறுபடி எப்போ கொடுக்கலாம்?" என்றாள் புரபி.

"நாலு மாசம் ஆகணும்."

புரபி விரல் விட்டு எண்ணினாள். ஒரு மாதத்தில் சமமாகிவிடலாம். அப்புறம் மூன்று மாதத்துக்கு அவளால் முந்த முடியாது.

"ரத்த வங்கி காலைல எத்தனை மணிக்குத் திறப்பாங்கம்மா?" என்று கேட்டாள்.