சூனியம் படிக்கிற பிள்ளை

நான் சூனியக்காரி இல்லை. வருடக்கணக்காகச் சரித்திரம் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் அதையே படிப்பிக்கிறேன். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கைக்குக் கை மாறிய மந்திரக் கையேடுகள்தான் என் பாடம். இதைப் புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் நிறைந்த மல்வேர்னில் ஒரு வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கும்.

அந்தக் கையேடுகளில் ஆவியைக் கூப்பிட முன்னால் பக்கம் பக்கமாக விரதமும் செபமும்தான். எழுதியவன் தன் பெயரைப் போடமாட்டான். சாலமோன் ராசா எழுதியது என்று போடுவான், அப்போதுதானே மதிப்பு. புதையல் எடுக்க, களவுபோன சாமானைக் கண்டுபிடிக்க, பிடித்த பெண்ணை மயக்க என்று எல்லாவற்றுக்கும் அதில் வழி இருக்கும். இவற்றை ஒளித்து வைத்துப் பிடிபட்டவர்களில் பாதிரிமாரும் துறவிகளும் பலர். ஊருக்குப் பாவம் என்று பிரசங்கம் செய்துவிட்டு அறைக்குள் போய்ப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அவர்களை விசாரித்த பதிவுகளை வாசித்து வாசித்துத்தான் என் கண்ணாடி தடித்தது.

என் ஒரே தம்பி கீதனுக்கு யூனியன்வில்லில் இருக்கும் அபர்ணாவோடு கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. அபர்ணாவின் தாய் சாந்தா அன்ரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அறைக் கதவு திறந்து கிடந்தது. சுவரில் ஒரு பழைய கையேட்டுப் பக்கத்தின் பெரிய படம் மாட்டியிருந்தேன். வட்டத்துக்குள் வட்டம், நடுவில் சிலுவை, சுற்றிவர எழுத்துகள்.

"உதென்ன பிள்ளை?" என்றார்.

நானும் மடைச்சி போல ஆசையாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்குப் போனதும் கீதனுக்குப் போன் எடுத்து, "உங்கட அக்கா தோழியா நிக்க வேண்டாம். சூனியம் படிக்கிற பிள்ளையின்ர கை மணவறையில படக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. பெண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். தாலி கட்டும்போது மாலையையும் பின்னலையும் ஒதுக்கிப் பிடிப்பாள். அது யாரும் போடுகிற பிச்சை இல்லை, கூடப் பிறந்தவளுக்கு உள்ள உரிமை. கீதன் நடை பழகிய காலத்திலிருந்தே அந்த இடம் எனக்கென்று இருந்தது.

கீதன் இதை என்னிடம் சொன்னபோது கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"ஒரு நாள்தானே அக்கா. சித்தியின்ர மகள் நிக்கட்டுமே. அட்ஜஸ்ட் பண்ணுங்கோவன்."

எனக்குப் பற்றி எரிந்தது. சாந்தா அன்ரிக்குத் தெரியாது, சரி. இவனுக்குமா தெரியாது? என் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளைக் கூட இருந்து சரிபார்த்தவன் இவன். பட்டம் வாங்கிய அன்று மண்டபத்தில் எழும்பி நின்று விசிலடித்தவன்.

"தோழியா ஆரும் நிக்கட்டும்," என்றேன். "நீ ஒண்டு செய். மாமியிட்டப் போய், அக்கா படிக்கிறது சரித்திரம், சூனியம் இல்லை எண்டு உன்ர வாயால சொல்லு. எனக்கு அது காணும்."

"ஓம் ஓம். கலியாணத்துக்கு முதல் கட்டாயம் சொல்லுறன்."

பிறகு கேட்கும்போதெல்லாம் அதே ஓம்தான்.

கலியாணத்தன்று சித்தியின் மகள் தோழியாக நின்றாள். பின்னலை ஒதுக்கத் தெரியாமல் மாலையோடு சேர்த்து இழுத்தாள். நான் மூன்றாவது வரிசைக் கதிரையில் பட்டுச்சேலை கட்டிய விருந்தாளியாக இருந்து அட்சதை எறிந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தாலி ஏறும்போது மேளம் முழங்கியது. எல்லோருக்கும் கண் கலங்கியது சந்தோசத்தில், எனக்குக் கோபத்தில்.

சாப்பாட்டு நேரம் நான் ஒரு மூலை மேசையில் இருந்தேன். சாந்தா அன்ரி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். மேசைக்குக் கீழால் என் கையில் எதையோ வைத்தார். பார்த்தால் எலுமிச்சை, எங்கள் தேசிக்காய்.

"கலியாண ஹோல் புக்கிங் ரெண்டு தரம் குழம்பிப் போச்சு," என்றார் மெல்ல. "அபர்ணாவுக்கு ஒரு மாசமா நித்திரை இல்லை. எங்களுக்கு ஆரோ செய்வினை செய்விச்சிருக்கினம் பிள்ளை. நீர் இதைப் பிடிச்சு உமக்குத் தெரிஞ்சதை ஒருக்கா ஓதித் தாரும்."



"அன்ரி, மணவறையில என்ர கை படக்கூடாது எண்டனீங்கள்."

"அது வேற பிள்ளை. அது நல்ல காரியமெல்லே."

நல்ல காரியத்துக்கு ஆகாத கை கெட்ட காரியத்துக்கு ஆகுமாம்! இந்த மனுசிக்கு விளக்கம் சொன்ன என் வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? பிளாஸ்டிக் கத்தியை எடுத்து அந்தத் தேசிக்காயை அவர் கண்முன்னாலேயே ஒரு மாதிரி அறுத்தேன். இரண்டு பாதியையும் சோற்றில் பிழிந்தேன். குழைத்து ஒரு வாய் சாப்பிட்டேன்.

"இவ்வளவுதான் அன்ரி எனக்குத் தெரியும்," என்றேன். "இது சாப்பிடுற சாமான்."

கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார் என்று பார்த்தேன். அவரோ நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். முகமெல்லாம் தெளிந்துவிட்டது.

"செய்வினையை வெட்டியே விட்டிட்டீர்! பெரிய உபகாரம் பிள்ளை. கீதன் அப்பவே சொன்னவர், அக்காட்டக் குடுங்கோ மாமி, அவவுக்கு உதெல்லாம் தெரியும், பாத்துக்கொள்ளுவா எண்டு."

தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். மேடையில் மணமக்களோடு படமெடுக்க நீண்ட வரிசை நின்றது. வரிசையைப் பாராமல் நேரே ஏறினேன். கீதன் சிரித்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டான்.

"வாங்கோ அக்கா, படம் எடுப்பம்."

அறிவிப்பாளரின் மைக்கை வாங்கி அவன் கையில் வைத்தேன்.

"எடுப்பம். முதல் இதில சொல்லு. அக்கா என்ன படிச்சவ எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி மண்டபத்துக்குள் மாமியைத் தேடினான்.