முளைவிட்ட கால்

இறந்துபோன தம்பியின் மேல் போர்த்திய துணி வலது முட்டிக்குக் கீழே தட்டையாக விழுந்திருந்தது. அக்கா அங்கே ஒரு தலையணையைச் செருகும்போதும் அவள் கண் தம்பி மனைவி மேலேயே இருந்தது. அந்தப் பெண் மறுபடியும் பின்னறைக்குள் நழுவினாள். புருஷன் கூடத்தில் கிடக்கிறான், இவளுக்கு உள்ளே என்ன வேலை? சற்று முன் ஓர் ஆளும் அங்கே போயிருந்தான். ஆய்வகத்தில் தம்பியோடு வேலை பார்த்தவனாம்.

அக்கா எழுந்துபோய்க் கதவோரம் நின்றாள்.

"கூட்டத்தோட கூட்டமா எடுத்துட்டுப் போயிடறேன். யாருக்கும் தெரியாது" என்றான் அவன்.

"அண்ணி பாத்தாங்கன்னா..." என்றாள் தம்பி மனைவி.

அக்கா கதவைத் தள்ளினாள். "பாத்துட்டேன். என்னது அது?"

மேசைமேல் கண்ணாடித் தொட்டி. நீருக்குள் பல்லி போல, வழவழவென்று ஒரு பிராணி. ஒரு முன்னங்கால் பாதியில் நின்று, நுனி மொட்டாக உருண்டிருந்தது.

"சாலமாண்டர், அண்ணி. வெட்டின கால் திரும்ப முளைக்குது."

"யாருக்குக் காது குத்தற?"

"நிஜமாத்தான். முதல்ல தோல் வந்து காயத்தை மூடிடும். அடியில இருக்கற செல்லுங்க பழைய வேலையை விட்டுட்டு, கருவுல இருந்த மாதிரி ஆகிப் பெருகும். அதான் இந்த மொட்டு. ஆனா எங்க வெட்டுப்பட்டுதுன்னு மறக்காது. போனதை மட்டும் வளக்கும். நரம்பு வந்து சேரலைன்னா ஒண்ணும் முளைக்காது."

அக்காவின் முகம் இறுகியது. அந்த ஆளிடம் திரும்பினாள். "இதைக் காட்டி என் தம்பிக்கு ஏதாவது ஊசி கீசி போட்டீங்களா?"

"ஐயோ, இல்லைங்க! மனுஷனுக்குத் தழும்புதான் வரும்னு அவருக்குத் தெரியாததா? சொல்லாமக் கொள்ளாம இதை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். நாங்க அந்த மொட்டை வெட்டி எடுத்து, மெல்லிசா சீவி, நுண்ணோக்கியில பாக்கணும்."

"அவன் ஏன் கொண்டு வந்தான்?"

அந்த ஆள் தம்பி மனைவியைப் பார்த்தான்.

"வெட்ட விடமாட்டேன்னார், அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "கால் எடுத்தப்புறம் படுத்த படுக்கையா இதையே பாத்துட்டிருப்பார். நான்தான் இவரை வரச் சொன்னேன். இனிமே என்னால இதைப் பாத்துட்டிருக்க முடியாது."

கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வண்டி வந்துவிட்டது.

அந்த ஆள் தொட்டியை நோக்கிக் கை நீட்டினான். அக்கா நடுவில் வந்து நின்றாள்.

"நீங்க முன்னாடி போங்க."

"இல்லைங்க, இது..."

"போங்கன்னேன்."

அவன் போனான். தம்பி மனைவியும் கண்ணைத் துடைத்தபடி பின்னால் போனாள். அக்கா கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். பிறகு சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, தம்பியைத் தூக்கக் கூடத்துக்கு நடந்தாள்.