கடலைக்காட்டுக் காவலாளி

கிடங்கில் பார்த்த இரவுக் காவல் வேலையை உதறிவிட்டு அக்கா வீட்டில் விழுந்து கிடந்தேன். மாமாவின் கொண்டைக்கடலையில் காய்ப்புழு. அவருக்குத் தெரிந்த வைத்தியம் விஷ மருந்து ஒன்றுதான். போன பருவத்தில் அடித்து அடித்து, புழு அதைக் குடித்துக் கொழுத்ததுதான் மிச்சம். நான் வேறு வழி சொன்னேன். புழுவைத் திசைதிருப்ப வரப்போரம் செண்டுமல்லி, ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் பொறி, செடிகளுக்கு நடுவே குருவி உட்காரக் குறுக்குக்கட்டை அடித்த குச்சிகள்.

"சனிக்கிழமை பாப்பேன். புழு குறையலேன்னா நான் மருந்தடிக்கிறேன், நீ திரும்பக் காவலுக்குப் போறே" என்றார் மாமா.

முதல் சில நாள் கரிச்சான் குருவிகள் குச்சிக்குக் குச்சி தாவிப் புழுவைப் பொறுக்கின. குருவிக் கூட்டமே வருகிறதென்று மட்டும் வீட்டில் வந்து பீற்றிக்கொண்டேன். வேலை முடிந்ததென்று இழுத்துப் போர்த்திப் படுத்தும்விட்டேன்.

சனிக்கிழமை மாமா செடிக்கடியில் சாக்கை விரித்து உலுக்கினார். புழு பொலபொலவென்று உதிர்ந்தது.

"எங்கே மாப்ளே உன் ஆளுங்க? லீவா?"

குச்சிகளில் ஒரு குருவிகூட இல்லை. மாமா தெளிப்பானைத் தோளில் மாட்டினார். அப்போதுதான் வயல் நடுவே நானே நிற்பதைப் பார்த்தேன். என் சீருடை, என் தொப்பி, நெஞ்சில் என் பெயர் வில்லை. தலை மட்டும் ஓட்டைச் சட்டி.

சாப்பாடு கொண்டுவந்த அக்காவைக் கேட்டேன். இத்தனை குருவி வந்தால் கடலை மிஞ்சுமா என்று பயந்து, அவள்தான் பொம்மையை நட்டிருக்கிறாள்.

"புழுவத் திங்கத்தான்க்கா அதுங்க வருது."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றவள் பொம்மையைப் பார்த்தாள். "நீ வேலைக்குப் போகாட்டாலும் உன் சட்டை ஒழுங்கா வேலை பாக்குதுடா."

மாமா சிரித்துவிட்டார். சிரிக்கிற நேரம் பார்த்து ஒரு வாரம் தவணை கேட்டேன். தெளிப்பானை இறக்கினார்.

பொம்மையின் சட்டை, தொப்பி, சட்டி எல்லாவற்றையும் கழற்றினேன். மிஞ்சியது குறுக்குக்கட்டை அடித்த ஒரு குச்சி. நான் நட்டவற்றைவிட உறுதியாகவே இருந்தது. அப்படியே விட்டேன். குருவிகள் திரும்பும்வரை அக்காவும் நானும் முதுகொடியப் புழு பொறுக்கினோம். பிறகு அவை வந்தன; முதல் குருவி உட்கார்ந்தது அக்காவின் குச்சியில்தான்.

அடுத்த சனிக்கிழமை சாக்கில் ஒன்றிரண்டு புழுதான் நெளிந்தது. மாமா தெளிப்பானைப் பரணில் ஏற்றினார்.

சீருடையை அக்கா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். எதுக்கும் இருக்கட்டுமாம்.