லென்ஸுக்கு வயதாகிவிட்டது

கடைக்காரர் மேசைமேல் துணியை விரித்து இரண்டு லென்ஸ்களையும் நிற்க வைத்தபோது கணவர் ஓரடி பின்வாங்கினார். லென்ஸ் வாங்க வந்த மனிதருக்கு எதற்கு இந்தத் தயக்கம் என்றால், காரணம் இருந்தது. வீட்டிலிருக்கும் பழைய லென்ஸில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு மனைவியின் கையில்.

அவள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுப்பவள். தலை பாதி நரைத்த பிறகும் பிள்ளைகளுக்கு அவள் கேமரா அக்காதான். அவர் பேருந்துப் பணிமனையில் கணக்கு எழுதுகிறவர். விடுமுறை நாளில் அவளுக்குப் பை சுமப்பவர். போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கணினியில் ஏற்றுவதும் அவர் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒருநாள், உள்ளரங்கில் எடுத்த படங்களில் பாதி கலங்கி வந்திருந்தன. அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவற்றை அழித்துவிட்டார். அடுத்த போட்டிக்கும் அதே கதை. “என்னங்க, படம் கம்மியா இருக்கு?” என்று அவள் கேட்டதற்கு, “லென்ஸுக்கு வயசாயிடுச்சும்மா” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். அவள் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கேட்கத்தான் நாக்கு எழவில்லை. கேமராவை இறக்கி வைத்துவிட்டு இவள் வீட்டில் என்ன செய்வாள்? அவர் சொன்ன பொய்யை நம்பி அவள் புது லென்ஸ் வாங்கக் கிளம்பிவிட்டாள். அவரும் திருதிருவென்று விழித்தபடி கூடவே வந்துவிட்டார்.

“இது எழுபது இருநூறு மில்லிமீட்டர்” என்றார் கடைக்காரர், தடித்த லென்ஸைத் தொட்டு. “பழைய மாடல்தான், ஆனா வெளிச்சத்த அப்படியே வாரி எடுத்துக்கும். கனம்தான் ஜாஸ்தி. இது நூறு நானூறு. தூரத்துல இருக்கறதக் கிட்ட கொண்டு வரும், லேசு, வெளிச்சம் மட்டும் நிறைய கேக்கும். ஆனா ஒண்ணு மேடம், கை நடுங்கினாலும் படம் நடுங்காது.”

கணவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். “அதையே எடுத்துக்கலாமே. லேசா வேற இருக்கு.”

“அது என் கைக்குத்தாங்க ஆகும்” என்றாள் அவள். “ஹாலுக்குள்ள பிள்ளைங்க குதிக்கறப்ப படத்துல அவங்கள அப்படியே நிறுத்தணுமே. அதுக்கு வெளிச்சம் வேணும்.”

பிள்ளைகளைச் சொன்னால் அவரால் எதிர்த்துப் பேச முடியாது. அவள் தடித்த லென்ஸைத் தன் கேமராவில் மாட்டிக்கொண்டு கடை வாசலுக்குப் போனாள். தெருவுக்கு அந்தப் பக்கம், தையல் கடையின் மங்கிய உள்ளறையில் ஒரு பெண் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். மனைவி நாலைந்து முறை அமுக்கினாள். கடைக்காரர் படத்தைத் திரையில் போட்டுப் பெரிதாக்கினார். தையல்காரிக்கு இரண்டு மூக்கு இருந்தது.

“ஃபோகஸ்ல ஏதோ பிரச்சினை போல” என்று கடைக்காரர் கேமராவை வாங்கிக்கொண்டு தானே வாசலில் நின்று ஒரு படம் எடுத்துவந்தார். இந்த முறை தையல்காரியின் காதோரத்து முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பாவம், கடைக்காரருக்குத் திரையைப் பார்ப்பதா, அவள் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. லென்ஸின் மூடியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

“அவர் வாசக்கால்ல சாஞ்சு நின்னு எடுத்தாரும்மா” என்று கணவர் ஆரம்பித்தார். “அதோட இன்னிக்கு வெயிலே இல்ல, அதான்...”

“போதும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“நீங்க அழிச்சதெல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வரிசையா நம்பர் போடுது. நீங்க குடுக்கறதுல நடு நடுவுல ஓட்டை. கணக்கு எழுதற ஆளு, இதக்கூட யோசிக்கலையா?”

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருடம் அடுத்தவர்கள் வைத்த ஓட்டைகளைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர்.

“தெரிஞ்சும் ஏன் வந்த?”

“பொய்யத் தூக்கிட்டு அலையறீங்களே, எங்கதான் கொண்டுபோய் இறக்கறீங்கன்னு பாக்கலாம்னு வந்தேன்.” சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் பாதியிலேயே உடைந்தது. “விட்டுடும்மான்னு நீங்க சொல்லிடுவீங்களோன்னு எனக்குப் பயம். அதனாலதான் நானும் வாயத் திறக்கல.”

கடைக்காரர் எங்கோ உள்ளே போய்விட்டிருந்தார். கணவர் என்னென்னவோ சொல்ல நினைத்தார். டாக்டரிடம் போகலாம் என்று, மன்னித்துவிடு என்று. வந்தது வேறு.

“விடச் சொல்ல மாட்டேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போய், தெருவைப் பார்த்து நிறுத்தினாள்.

“கொஞ்சம் குனிங்க. அவ்வளவு இல்ல, பனைமரம் மாதிரி வளந்து வெச்சிருக்கீங்க... ஆங், அப்படியே.”

அந்தக் கனத்த லென்ஸ் அவர் வலது தோளில் வந்து உட்கார்ந்தது. அவளுடைய நெற்றி அவர் காதுக்குப் பின்னால் லேசாக முட்டியது. அந்த நடுக்கம் முதல் முறையாக அவருக்குள் இறங்கியது; இத்தனை நாள் தள்ளி நின்று பார்த்தது, இப்போது எலும்பில் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.

“மூச்சு விடாதீங்க” என்றாள்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒரு சைக்கிள் கடந்து போயிற்று. அந்தப் பக்கம் தையல்காரி நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள். எதிர்வாசலில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் இருவரையும் பார்த்து, என்ன என்பதுபோல் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டாள்.