குருடிக்குக் கண் வைத்தவர்

மீசை வருகிற நாள் என்பதால் காலையிலிருந்தே அவளுக்குப் பயமாக இருந்தது. வரப்போகிறவர் புலியும் இல்லை, போலீசும் இல்லை. கணவருடைய கூட்டாளி. பொம்மைக் குதிரை சேர்ப்பதில் அவருக்குச் சரிக்குச் சரியான பைத்தியம். முகத்து மீசையை மழித்து வருஷக்கணக்கு ஆகியும் பெயரில் இருந்த மீசையை யாரும் மழிக்கவில்லை. நல்ல மனுஷர்தான். ஆனால் இன்றைக்கு அவர் வருவது குருடியை எடுத்துக்கொண்டு போக.

குருடி என்பது முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை. தொழிற்சாலையில் உடம்புக்குச் சாயம் அடிக்கிறவர் ஒருவர், கண் எழுதுகிறவர் இன்னொருவர். எப்போதோ யார் கவனமோ பிசகி, ஒரு பெட்டிக் குதிரைகள் கண் எழுதாமலே வெளியே போய்விட்டன. அவற்றில் மிஞ்சியது சொற்பம். கண் இருக்கிற சாம்பல் குதிரை எந்தக் கடையிலும் கிடைக்கும். கண் இல்லாததற்குத்தான் ஆலாய்ப் பறந்தார்கள். கணவர் அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த அன்று, கல்யாணத்தன்றுகூட உங்கள் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லையே என்று அவள் கேலி செய்தாள். வாய்தான் கேலி செய்தது, உள்ளே பயம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு சாம்பல் மேடு. கூடத்தைப் பெருக்கும்போதெல்லாம் அதன் தலையில் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டுத்தான் பெருக்குவாள்.

"உனக்கு அந்தச் செவலைதான் லாயக்கு," என்பார் அவர். செவலை, சமையலறை ஜன்னலில் நிற்கிற சாதாரணப் பழுப்புக் குதிரை. அவளாக ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். "கடைக்குக் கடை கொட்டிக் கெடக்குது. பிடிச்சிருக்குன்னு வாங்கறது கொழந்தைங்க வேலை. கிடைக்காததைத் தேடிச் சேக்கணும்."

"நானும் கிடைக்காததைத்தான் சேத்திருக்கேன். உங்களை மாதிரி ஒரு ஆளு எங்க கிடைக்கும்?"

அவருடைய தொழில் பல் செட் செய்வது. ஒரு பல்லின் வெள்ளை இன்னொரு பல்லில் இல்லை என்பார். மயிரிழைத் தூரிகையைச் சாயத்தில் தொட்டதும், இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு புள்ளி வைத்து முனை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பல்லைத் தொடுவார். சாப்பிட உட்காரும்போது நகத்தில் அந்தப் புள்ளிகள் காய்ந்து கிடக்கும். கழுவிட்டு வாங்களேன் என்று அவள் கத்தாத நாள் கிடையாது.

அவரும் மீசையும் இந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். "நான் முந்திப் போனா குருடி உனக்கு. நீ முந்திப் போனா உன் கருப்பன் எனக்கு." கருப்பன் என்பது மீசையிடம் இருந்த கருப்புக் குதிரை. டீ கொண்டுவந்தவளை நிறுத்தி, "நீதான் சாட்சி, கேட்டுக்கிட்டியா?" என்று தலையாட்ட வைத்தார்கள். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

பிறகு அவருக்கு உடம்பு விழுந்தது. எழுந்து நடமாட முடியாமல் போனதும், குதிரைகள் இருந்த கண்ணாடி அலமாரிக்கு எதிரே கூடத்திலேயே கட்டில் போட்டார்கள். அந்தக் கடைசி மாதங்களில் ஒரு பேச்சு அவளை உலுக்கியது. இருட்டியதும், "நீ போய்த் தூங்கு. என்னைப் பாத்துக்க ஆள் இருக்கு," என்பார். எந்த ஆள்? வீட்டில் அவளையும் மகளையும் விட்டால் வேறு யாரும் இல்லை. போகப் போகிறவர்கள் கண்ணுக்கு, முன்னே போனவர்கள் தெரிவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். யார் என்று கேட்க நாக்கு எழவில்லை. உள்ளறையில் படுத்துக்கொண்டு, கூடத்தில் யாருடைய காலடியாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

இப்போது கட்டில் இல்லை. அதன் கால்கள் அழுந்திய குழிகள் மட்டும் தரைவிரிப்பில் இருந்தன. அவள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடப்பாள்.

கொடுக்கிற பொருளைத் தூசியோடு கொடுக்கக் கூடாதென்று, அவர் போன பிறகு முதல் தடவையாக அலமாரியைத் திறந்தாள். குருடியின் முகத்தைப் பார்க்காமலே கழுத்து, முதுகு, வால் என்று துணியால் ஒற்றினாள். பின்னால் நகர்ந்து, கட்டில் இருந்த இடத்துக்கு வந்து நிமிர்ந்தாள்.

குருடி அவளைப் பார்த்தது.

துணி கையிலிருந்து நழுவியது. சாம்பல் மேட்டில் ஒரு கண் இருந்தது. கருத்த, ஈரமான கண். இமையோரம் லேசான சிவப்பு. கண்பாப்பாவில் ஊசிமுனை அளவு வெளிச்சம். அவள் கத்திவிட்டாள்.

"என்னம்மா?" என்று ஓடிவந்த மகளும் அலமாரியைப் பார்த்தாள். அவள் முகத்திலும் ரத்தம் வற்றியது. பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள்.

இவள்தான், என்று தோன்றியது அம்மாவுக்கு. 'கண்ணில்லாத அந்தச் சனியனுக்கு ஒருநாள் நானே மை தீட்டிவிடறேன் பாருங்க' என்று அப்பாவிடம் சண்டை போட்டவள் இவள்தானே. படுபாவி, செய்தே விட்டாளா? செத்தவர் கொடுத்த வாக்கு, கேட்டவர் வாசலுக்கு வரப்போகிறார், பொருள் பாழ். ஏமாற்றுக்காரக் குடும்பம் என்பார். பல் கட்டிச் சம்பாதித்த பேர் அத்தனையும் இந்த ஒரு கண்ணால் போய்விடும்.

அழைப்புமணி அடித்தது.

மீசை உள்ளே வந்து, உட்காராமல் நின்றார். கணவர் நோயாளியாகக் கிடந்தபோது இவர் ஒரு தடவைகூட வரவில்லை. அந்தக் கூச்சம் தோளில் தெரிந்தது. "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு முன்னாலேயே பார்வை அலமாரிக்குப் போய்விட்டது.

குதிரையைக் கையில் எடுத்தவர் அப்படியே உறைந்தார்.

"யாரு இதுக்குக் கண் வெச்சது?"

"நான்தான்," என்றாள் அம்மா.

"நான்தான் மாமா," என்றாள் மகள், அதே மூச்சில்.

மீசை ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தார். குதிரையை மறுபக்கம் திருப்பினார். அங்கே பழைய சாம்பல் மேடுதான். "ஆளுக்கு ஒரு கண்ணுன்னு பங்கு போட்டீங்களாக்கும்? இதுல மொத்தமே ஒரு கண்ணுதான் இருக்கு. யாரு பங்கைக் காணோம்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் பையைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஜன்னல் பக்கம் போய், நெடுநேரம் பார்த்தார். அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

"பொய் சொல்லாதீங்க ரெண்டு பேரும்," என்றார் மீசை. "இது அவன் கை. பாப்பாவுல அந்த வெளிச்சத்தை இப்படி வெக்க வேற எவனுக்கும் வராது. என் கருப்பனுக்குப் பல்லு வெச்சுக் குடுத்த கை இது, எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு அந்தக் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. ஒருநாள் 'குருடியைக் கொஞ்சம் எடுத்துக் குடு, துடைக்கணும்' என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பிஸ்கட் வேண்டுமென்று அவளைக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது தலையணை உறையில் கருப்பாக ஒரு தீற்றல். மருந்தென்று நினைத்துத் துவைத்தாள். குருடியை முகம் பார்க்காமலே வாங்கி, அவர் காட்டிய பக்கமாக அலமாரியில் வைத்தாள். அப்புறம், கடைசியாக அவர் கையை மடித்து வைக்கும்போது, கட்டைவிரல் நகத்தில் ஒரு கருப்புப் புள்ளி. நோய் நகம் வரைக்கும் வந்துவிட்டதென்று பதறி, அன்றைக்கு வந்திருந்த நர்சிடம் காட்டினாள். 'அது ஒண்ணுமில்லம்மா' என்றாள் நர்ஸ். அவள் நம்பவில்லை. அந்தப் புள்ளி எத்தனையோ நாள் கனவில் பெரிதாகி வந்தது.

முனை பார்த்திருக்கிறார்.

மீசை பையிலிருந்து பஞ்சையும் ஒரு சின்னப் புட்டியையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். மூடியைத் திருகியதும் ஸ்பிரிட் வாடை வந்தது.

"நல்லவேளை. பேக்டரி சாயம் சூட்டுல பிடிச்சது, அதுக்கு ஒண்ணும் ஆகாது. இது மேலாப்புல போட்டது. ஒரு ஒத்து ஒத்தினா பழையபடி ஆயிடும்."

காலையிலிருந்து இருந்த பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அவள் குறுக்கே போய் நின்றாள்.

"வேண்டாங்கண்ணா."

"என்னம்மா, வாக்கும்மா. நீதானே சாட்சி?"

"நான்தான். அவர் என்ன சொன்னார்? குருடி உனக்குன்னு சொன்னார். இது குருடு இல்லையே."

மீசை தன் மேலுதட்டைத் தடவினார். "பேச்சுக்குப் பேச்சு நல்லாத்தான் இருக்கு. எனக்கு மீசை போயி எவ்வளவு காலமாச்சு? இன்னும் நான் மீசைதானே? அது மாதிரி இதுவும் குருடிதான்."

"மீசையை எடுத்தா முளைக்கும் மாமா," என்றாள் மகள் பின்னாலிருந்து. "இந்தக் கண்ணை எடுத்துட்டா யாரு வெச்சுக் குடுப்பா?"

அவர் பஞ்சை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார். "எதுக்குடா இப்படிப் பண்ணினே," என்றார், அவர்களிடம் இல்லை. "உலகத்துல கிடைக்காத பொருளைத் தெருப்பொருளா ஆக்கிட்டியே. அதுவும் ஒரு பக்கம் மட்டும்."

அவள் குதிரையை அவர் கையிலிருந்து வாங்கி, இருந்தபடியே அலமாரியில் வைத்தாள். "இங்க வந்து நில்லுங்க." விரிப்பில் இருந்த குழிகளுக்கு நடுவே அவரை நிறுத்தினாள். "இங்கதான் தலை. கொஞ்சம் குனிங்க."

மீசை குனிந்தார். குதிரை அவரைப் பார்த்தது. அவர் சட்டென்று பின்வாங்கினார். தண்ணீருக்குள் காலை வைத்துவிட்டு எடுத்தவர் போல.

"ராத்திரியானா என்னைப் போய்த் தூங்கச் சொல்லுவார். பாத்துக்க ஆள் இருக்குன்னு சொல்லுவார். யாரோ கூட்டிட்டுப் போக வந்து நிக்கறாங்கன்னு நான் பயந்து செத்தேன். ஆள் இதுதான். ராத்திரி தனியாப் படுக்கப் பயந்து இதுக்குக் கண் வெச்சிருக்கார்."

"அவனா? பயப்படற ஆளா அவன்?"

"எங்களுக்குத் தெரியாமப் பயந்திருக்கார். எங்களை எழுப்ப மனசு வரலை."

மீசை பஞ்சைப் பையில் போட்டார். புட்டியின் மூடியைக் கோணலாகத் திருகினார். மகள்தான் வாங்கி மூடிக் கொடுத்தாள்.

"வெறுங்கையோட போகாதீங்க," என்றாள் அம்மா. "இதை விட்டுட்டு, எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கங்க."

"பிடிச்சதா?" அவர் அலமாரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எது எந்த வருஷத்தது, எது எத்தனைதான் உலகத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கை ஒன்றுக்கு நீண்டது, மடங்கியது. இன்னொன்றுக்கு நீண்டது. "இப்படித் திடீர்னு கேட்டா எப்படிம்மா," என்றார் கடைசியில். "யோசிச்சுட்டு வரேன்." பையைத் தூக்கிக்கொண்டு போனவர், வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு மகள் கேட்டாள். "அம்மா, அதைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வெச்சிடட்டுமா? உனக்குப் பயமா இருக்கும்."

பயமாகத்தான் இருந்தது. அவர் எதைப் பார்த்துப் பயந்தாரோ அதுவும் இந்தக் கூடத்தில்தானே எங்கோ இருந்திருக்க வேண்டும். அவள் உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து, குழிகளுக்கு நடுவில் விரித்து, வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே படுத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டாள்.

"இங்கேயா படுக்கப் போறே? நானும் கூட இருக்கட்டுமா?"

"நீ போய் உன் வேலையைப் பாரு. என்னைப் பாத்துக்க ஆள் இருக்கு."

மகள் போகவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டதும் அவள் முகம் மாறியதை அம்மா பார்த்தாள். நகர்ந்து, பாயில் அவளுக்கும் இடம் விட்டாள்.