பகலில் தூங்கிய மர்த்தாவின் இதயம்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை ஒளித்துப் பயனில்லை. கனடாவில், ஸ்காபரோவில் ஓர் இதயக் கிளினிக். சட்டையைக் கழற்றிவிட்டு நான் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்க, யூஜினி என் மார்பில் வயர்களை ஒட்டிக்கொண்டே சொன்ன சங்கதி இது. ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதியும் சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்புவது அவள் வேலை. நோயாளி யார், எந்த ஊர் என்று மூச்சுவிடவில்லை. மர்த்தா என்ற பெயரும் பொலிவியாவும் என் கைச்சரக்கு.

2

மர்த்தாவின் இதயம் ஒரு பழைய கடிகாரத்தைப் போல...

(வேண்டாம். யூஜினி வாசித்தால் சிரிப்பாள்.)

மர்த்தா இரவில் அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்பவள். வேலையில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். பெட்டியில் பதிந்ததைப் பார்த்தால், இரவில் இறங்கவேண்டிய துடிப்பு இறங்கவேயில்லை.

"நைற் சிஃப்ற் ஆள், அப்பிடித்தான் இருக்கும்," என்றார் டொக்டர் அருள்நாயகம். "நோர்மல் எண்டு அனுப்புவம்."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் யூஜினி, நோயாளி எழுதிவந்த நாட்குறிப்புத் தாளையும் பார்த்தாள். காலை பத்திலிருந்து மூன்றுவரை தூக்கம் என்றிருந்தது. அப்போதும் துடிப்பு இறங்கவில்லை. முதலில் அவள் நம்பவில்லை. அந்தத் தாளில் நம் சனம் அவிழ்த்துவிடும் புளுகு அவளுக்குத் தெரியும். போன் எடுத்தாள்.

"உண்மையா நித்திரையோ, சும்மா படுத்திருந்தனீங்களோ?"

"நல்ல நித்திரை. மகள் வந்துதான் எழுப்பினவள்."

"சின்ன வயசில, ஊரில எப்பிடியான வீடு?"

"மண்வீடு. சுவர் வெடிப்பெல்லாம் பூச்சி. ஏன் கேக்கிறீங்கள்?"

(பேசியது இருவரின் உடைந்த ஆங்கிலத்தில். மர்த்தா யாழ்ப்பாணத் தமிழ் பேசுவது என் குறைபாடு. எனக்கு வேறு தமிழ் வராது.)

3

சாகஸ் நோய், தென்னமெரிக்க மண்வீடுகளில் இரத்தம் குடிக்கும் அந்தப் பூச்சியால் வருவது. கிருமி பல வருடங்கள் சத்தமில்லாமல் இருந்து, சிலருக்கு இதயத்தையும் அதை அடக்கி ஓட்டும் நரம்புகளையும் அரிக்கும். அப்புறம் இதயத்துக்கு விழிப்பும் ஒன்று, தூக்கமும் ஒன்று. ஒரு பயிற்சி வகுப்பில் யூஜினி இதைக் கேட்டிருந்தாள். நாமெல்லாம் வகுப்பில் கேட்டதை எங்கே வைக்கிறோம்? அவள் நேரே டொக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"யூஜினி, உங்கட வேலை வயர் ஒட்டுறது."

"ஓம் டொக்டர். நான்தானே ஒட்டினன். அவ நித்திரை கொள்ளேக்கையும் அது இறங்கேல்லை. ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பாப்பம். பிழையெண்டால் என்னை ஏசுங்கோ."

டொக்டர் நாட்குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு பரிசோதனைக்கு எழுதினார். யூஜினியைப்போல என்னால் நின்றிருக்க முடியாது. அதனால்தான் இவளைப் பற்றி எழுதுகிறேன்.

4

இரண்டு முடிவுகள் எழுதி யூஜினியிடம் காட்டினேன். முதலாவதில் நோய் நேரத்தோடு பிடிபட்டு மர்த்தா தேறுகிறாள்.

"எல்லாம் சுகமா முடிஞ்சால், ஆக்கள் பிறகு சோதிப்பம் எண்டு பேசாமல் இருந்திடுவினம்," என்று வெட்டினாள்.

இரண்டாவதில் நாள் பிந்திவிடுகிறது.

"பயந்து கிளினிக் பக்கமே வரமாட்டினம்." அதையும் வெட்டினாள்.

"அப்ப உண்மையில என்ன நடந்தது?"

"அதை நான் சொல்லக்கூடாது, அண்ணை."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். மனுசி ஒரு துளிகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. இனி, மர்த்தா பிழைப்பதும் பிழைக்காததும் உங்கள் பாடு.