நீல வயர்

டெல்மர் டிரெய்லரைக் கொக்கியில் பூட்டி, வயர் செருகியை மாட்டி, பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிரேக் பெட்டியில் சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்தது. அது சிமிட்டினால் டிரெய்லர் பிரேக்குக்கும் வண்டிக்கும் தொடர்பில்லை என்று அர்த்தம். பின்னால் டிரெய்லரில் பெண் குதிரை ஜுனிபர் ஏற்கெனவே ஏறி நின்று பலகையை உதைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் ரிவர்ட்டன் சந்தையில் இறக்காவிட்டால் இந்த வாரம் ஏலத்தில் சேர்க்கமாட்டார்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் ரெட் கேன்யன் இறக்கத்தில் வண்டியை முதுகில் பிடித்துத் தள்ளும். அப்படித் தள்ளப்பட்டவர்களில் இரண்டு பேரின் சவ அடக்கத்துக்கு அவன் போயிருக்கிறான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி லோர்னாவிடம், “நீ இந்தப் பக்கம் வா. நான் சொல்றப்போ பிரேக் பெட்டி லீவர அமுக்கிப் பிடி” என்றான்.

“அமுக்குறது பெரிய வித்தையா? ஒன் முதுகு தாங்குமான்னு பாத்துட்டு அடியில போ, கெழவா.”

முதல் குற்றவாளி எப்போதும் வெள்ளை எர்த் வயர்தான். டிரெய்லரின் கழுத்தில் அதைப் பிடித்திருந்த திருகாணி துருவேறிப் பாதி தின்னப்பட்டிருந்தது. கத்தியால் சுரண்டி, புதுத் திருகாணி போட்டு முறுக்கினான். பிறகு கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு அச்சுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான். பிரேக்குக்குப் போகும் நீல வயரில் ஊசியைக் குத்தினான்.

“அமுக்கு!”

“அமுக்கிட்டேன்!”

விளக்கு எரியவில்லை. சக்கரத்தில் காதை வைத்தான். லீவரை அமுக்கினால் உள்ளே பிரேக் காந்தம் ரீங்கரிக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை.

மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. அடுக்கிவைத்த புல்கட்டுகள் மிச்சமிருக்கும் மாடுகளுக்கே போதாது. வேலை செய்யாத குதிரை பனி உருகுவதற்குள் எலும்பாகிவிடும். ஜுனிபர் மகன் ராய்ஸைத் தவிர யாரையும் ஏறவிட்டதில்லை. ராய்ஸ் போன வசந்தத்தில் நாலுசக்கர பைக் கவிழ்ந்து ஓடைப் பள்ளத்தில் செத்துக் கிடந்தான். அவனை மேலே தூக்கி வந்தது டெல்மர்தான். அந்தக் கனம் இன்னும் முதுகில் இருந்தது.

காலையில் காப்பி குடிக்கும்போது லோர்னா சொன்னாள். “கறிக்கு வெட்ட மெக்சிகோ வரைக்கும் நிக்கவெச்சே கொண்டு போவானுங்களாம். தண்ணிகூடக் காட்ட மாட்டானுங்களாம்.”

“நல்லவன் எவனாச்சும் வாங்குவான்.”

“வாங்குவான். எடை போட்டு.”

வயர்கள் சேரும் பெட்டியைத் திறந்து பார்த்தான். அங்கேயும் கரண்ட் இல்லை. வண்டிக்குப் போய் ஃபியூஸ் மாற்றினான். செருகியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினான்.

“மாடு மறிக்கத்தான் ஒனக்குத் தெரியும். வயர் வேலையெல்லாம் ஒனக்கெதுக்கு?” உள்ளேயிருந்து குரல் வந்தது. கிண்டல் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் பின்னால் திரும்பவில்லை.

“வாய மூடிட்டு அமுக்கு.”

“அமுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

டெல்மர் நிமிர்ந்தான். வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவள் மடி தெரிந்தது. இரண்டு கைகளும் முழங்கால்களுக்கு நடுவே, குளிருக்குச் சொருகிக்கொள்வதுபோலச் சொருகியிருந்தன.

“அமுக்கு” என்றான் மறுபடி, மெதுவாக.

“அமுக்குறேன்.”

கைகள் அசையவில்லை.

வெள்ளை வயரை முறுக்கியபோதே அந்தச் சிவப்புப் புள்ளி சிமிட்டுவதை நிறுத்தியிருக்கும். இந்த வீட்டின் மாடுகளில் பாதியை இதே டிரெய்லரில் மலையிறக்கிக் கொண்டுபோனவள் அவள். புள்ளி நின்றால் என்ன அர்த்தமென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நாலு எட்டு வைத்தால் கதவு. தானே கையை விட்டு லீவரை அமுக்கிவிடலாம். அவன் கத்தியை மடக்கினான், விரித்தான். சந்தை அடுத்த வாரமும் இருக்கும். குதிரைக்கு எடையும் அதை வாங்குகிறவனும் அப்போதும் இருப்பார்கள். புல்கட்டு மட்டும்தான் குறைந்திருக்கும். கொட்டகைச் சுவரில் துப்பாக்கி தொங்குகிறது. அந்த வேலையும் கடைசியில் அவனுக்குத்தான் வரும்.

மறுபடி அடியில் போய்ப் படுத்தான். நீல வயரில் ஊசியைக் குத்திவிட்டுச் சும்மா கிடந்தான். ஜல்லி முதுகைக் குத்தியது. வெயில் சக்கரத்தைத் தாண்டி அவன் பூட்ஸ் வரை வந்துவிட்டிருந்தது.

“டெல்மர்.”

“ம்.”

“அது பாட்டுக்கு ஒதைச்சுட்டே இருக்கு. பயப்படுது.”



கொஞ்ச நேரம் கழித்து, அவன் கேட்காமலே சக்கரத்துக்குள் ரீங்காரம் எழுந்தது. கையிலிருந்த விளக்கு பளீரென்று எரிந்தது.

“வந்துச்சா?” குரல் உடைந்திருந்தது.

டெல்மர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

“இல்ல” என்றான்.

அவள் லீவரை விடவில்லை, விளக்கு அணையவுமில்லை. ஜுனிபர் பின்னங்கால்களை அகட்டிக்கொண்டாள். பலகை முனகியது. இடுக்குகளின் வழியே வெதுவெதுப்பான மூத்திரம் அவன் தோளில், சட்டையில், கழுத்தில் ஒழுகியது. அவன் நகரவில்லை. விளக்கு நனையாமல் கையை மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.